மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

திருகோணமலை பஸ் நிலையத்தில்
நான் நின்ற இடத்தில் கோடு ஒன்றும் இல்லை.
இருந்தும் நின்றேன்,
இரண்டு காலின் பெருவிரலும் ஒரே நேரில் இருக்கும்படி.
நிலாவெளி பஸ் வந்தது.
சனம் நாலு பக்கத்தாலும் ஏறியது.
வரிசை என்று நான் நினைத்தது
என்னை மட்டும்தான்.
ஒரு மான் வந்து
என் பைக்குள் மூக்கை விட்டுப் பார்த்துவிட்டுப் போனது.

பத்தொன்பது நாள் ஒசாக்கா.
ஆஸ்பத்திரிக்கு வந்த புது இரத்தப் பரிசோதனை மெஷினை
எப்படித் திறப்பது, எப்படிக் கழுவுவது,
அது பிழை சொன்னால் எப்படிப் பொறுமையாகக் கேட்பது
என்று பழக அனுப்பினார்கள்.
மெஷினைப் பழகினேன்.
மற்றதெல்லாம் ஒருவரும் பழக்காமலே ஒட்டிக்கொண்டது.

காசைக் கடைக்காரியின் கையில் வைக்கப் போனேன்.
அவள் ஒரு சின்ன நீலத் தட்டைத் தள்ளினாள்.
தட்டில் வைத்தேன், தட்டில் மிச்சம் வந்தது.
மூன்றாம் நாள் அது மரியாதை என்று விளங்கியது.
பதினோராம் நாள் இரவு
என் கையை நானே பிடித்துக்கொண்டு படுத்தேன்.

அடுத்த நாள் காலை ரெயிலில்
டை கட்டிய ஒருவன் என் தோளில் தலை சாய்த்து நித்திரையானான்.
பெட்டி நிறைய ஆட்கள், ஒரு செருமல் இல்லை.
விரல் படாத நகரம்
முழுத் தலையையும் என்னிடம் தந்துவிட்டு
மெல்ல மூச்சு விட்டது.
ஆறு ஸ்டேஷன் ஆடாமல் இருந்தேன்.
அவனுடைய இடம் வர, சொல்லிவைத்தது போல் கண் திறந்தான்.
என் தோளுக்குக் குனிந்தான், முகத்துக்கு அல்ல.
இறங்கினான்.

தங்கிய இடத்தில் குளிக்க வசதி இல்லை.
தெருமுனைப் பொதுக்குளியலில்
ஒரு துவாயைக் கவசம் மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
கன்னியாக் கிணற்றடியில்
குறுக்குக்கட்டோடு வாளி வாளியாக ஊற்றிப் பழகிய உடம்பு.
சுடுதண்ணீர் அதே சுடுதண்ணீர்தான்.
வெட்கம்தான் வேறு ஊர்.

வாசலில் காசு வாங்கும் ஹிசாயோ
எந்த ஊர் என்று கேட்டாள்.
எழுதிக் காட்டினேன்.
"தொரின்கொமாரீ" என்றாள், தெரிந்த பெயரைச் சொல்வது போல.
பிறகு தொலைபேசியில் தட்டி, திருப்பிக் காட்டினாள்:
என் அப்பாவின் அண்ணன். விமானம். நாற்பத்திரண்டு, ஏப்ரல்.
திரும்பவில்லை.

என் காசை, தட்டோடு, என் பக்கம் தள்ளினாள்.
நான் அவள் பக்கம் தள்ளினேன்.
அவள் மறுபடியும்.
எனக்குப் பின்னால் ஐந்து பேர் துவாயோடு நின்றார்கள்,
ஒருவரும் கடிகாரம் பார்க்கவில்லை.

சீனன்குடாப் பக்கம், பற்றைக்குள்,
எண்ணெய்த் தாங்கி ஒன்று அன்றைக்கு எரிந்த நெளிவோடு
கிடப்பதை நான் சொல்லவில்லை.
அந்த ஏப்ரலுக்குப் பிறகு
வேறு எத்தனையோ பேர் எங்கள் மேல் போட்டார்கள் அம்மா,
உங்கள் ஆள் வெகு பழைய கடன்
என்றும் சொல்லவில்லை.
தொலைபேசியில் அதற்கெல்லாம் சொல் வருமா?
தட்டு நடுவில் நின்றது.
குளிக்கப் போனேன்.

நஸ்மியாவுக்குக் கடற்பாசி பிஸ்கட் கொடுத்தேன்.
"கிண்ணியா சேற்றுக்குள்ள விழுந்து எழும்பின மாதிரி இரிக்கி"
என்று சொல்லிச் சொல்லியே பெட்டியை முடித்தாள்.
அதன் உறைகளை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
குப்பைத்தொட்டி ஆய்வுகூடத்திலேயே இருந்தது.

இன்றைக்கு மீன் சந்தையில்
சூடை அரைக் கிலோ.
மிச்சக்காசை அவன் என் உள்ளங்கையில் அமத்தி வைத்தான்,
ஈரத்தோடு, ஒரு செதிலோடு.
செதிலைத் தட்டிவிடாமல் பஸ் நிலையம் வரை நடந்தேன்.

இரண்டாவது நிலாவெளி பஸ்ஸுக்கு
நானும் முண்டினேன். யாரையோ முழங்கையால் இடித்தேன்.
ஒரு காலைப் படியில் வைத்தபின்
திரும்பி, ஆளைப் பார்க்காமலே,
இடுப்பு மடியத் தலை குனிந்தேன்.

கொண்டக்டர் கீழே எட்டிப் பார்த்தான்.
"என்னக்கா, என்ன விழுந்தது?"